மெத்தையில் இருக்கிறது ஓசை

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி மலையில் ஏறும் சாலை வடகாடு வழியாகப் பாச்சலூரை அடைகிறது. காபியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர். அங்கே ஒரு தோட்டத்தின் ஓரத்தில், விடியற்காலையில், கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பறவை பாடுகிறது. அதைப் பதிவு செய்ய வேண்டும். சில்வண்டுகள் இரைகின்றன. காற்று இலைகளை உரசுகிறது. கீழே ஏதோ ஒரு வளைவில் பஸ் ஒன்று முக்கி முனகி மேலேறுகிறது.

உங்கள் காதில் விழுவதுதான் மைக்கிலும் விழுகிறதா? இல்லை. நம் மூளை கெட்டிக்காரத்தனம் மிகுந்தது. வேண்டாத இரைச்சலை ஒதுக்கி, வேண்டிய ஓசையைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். சந்தைக் கூட்டத்திலும் நம் பெயரை யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்கிறோம் அல்லவா? மைக்குக்கு இந்த விவேகம் கிடையாது. பறவையும் பஸ்ஸும் அதற்கு ஒன்றே. காற்று அதன் முகத்தில் மோதினால் அதையும் 'தடதட'வென்று பதிந்துவிடும். வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துப் பயனில்லை, பறவை பறந்திருக்கும்.

ஆகவே மைக் கேட்பதை அப்போதைக்கப்போதே நாமும் கேட்க வேண்டும். அதற்குத்தான் ஹெட்போன். அதுவும் வெளியோசை நேரே காதில் நுழையாதபடி தடுக்கும் ஹெட்போனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் கேட்பது மைக் தந்ததா, காற்றில் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. முதுகுப்புறம் துளையில்லாத கிண்ணம் போல மூடியிருக்கும் இந்த வகையை 'மூடிய ஹெட்போன்' என்கிறார்கள். முதுகில் வலை போலத் துளைகள் உள்ளது 'திறந்த' வகை. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் எச்டி 414 என்ற பெயரில் வெளியிட்டது இந்தத் திறந்த வகைக்குப் புகழ்பெற்ற முன்னோடி.

மலையில் ஒலிப்பதிவு என்பது வெறும் கற்பனையன்று. பழனி மலையின் உயரமான சோலைக்காடுகளில் சோலக்கிளி என்றொரு சிறு பறவை உண்டு. பெயரில் கிளி இருந்தாலும் கிளியன்று. நீல உடலும் வெளுத்த வயிறும் கொண்ட பாட்டுப் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இதனையும் இதன் நீலகிரி உறவினரையும் சேர்த்து 2017-இல் சோலிக்கோலா என்ற புதிய பேரினம் அமைத்தார்கள். வி. வி. ராபின் முதலிய ஆய்வாளர்கள் இப்பறவைகளின் பாட்டைப் பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆழ்ந்த கணவாய்களால் பிரிக்கப்பட்ட மலைகளில் பாட்டும் வேறுபடுகிறது என்பது அவர்கள் கண்ட செய்தி. நம் ஊர்ப் பேச்சுக்கு வட்டார வழக்கு இருப்பதைப் போலத்தான். இத்தகைய நுண்ணிய வேறுபாட்டைக் காண வேண்டுமானால் பதிவு சுத்தமாக இருந்தாக வேண்டும்.

மூடிய ஹெட்போனுக்கு இன்னோர் இருப்பிடமும் இதே மலையில் இருக்கிறது. கோடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் கோடை பண்பலையை நம்மில் பலர் சமவெளியிலிருந்தே கேட்டிருக்கிறோம். எந்த வானொலி நிலையமானாலும் ஒலிப்பதிவு அறையில் ஓர் ஆபத்து உண்டு. அறிவிப்பாளருக்கு முன்னால் மைக் திறந்திருக்கும்போது ஒலிபெருக்கியும் பாடினால், அந்த ஓசை மைக்குக்குள் புகுந்து, பெருகி, மீண்டும் ஒலிபெருக்கி வழியே வந்து, ஊளையாக மாறிவிடும். கல்யாண வீட்டு மைக் 'கூ' என்று அலறுவதைக் கேட்டிருப்பீர்கள், அதேதான். ஆகையால் மைக் திறந்ததும் ஒலிபெருக்கியை அடக்கிவிட்டு ஹெட்போனில் கேட்கிறார்கள். அந்த ஹெட்போன் மூடியதாக இருந்தால்தான் அதன் ஓசை வெளியே கசிந்து மைக்கைச் சேராது. காட்டில் வெளியோசை உள்ளே வரக்கூடாது. நிலையத்தில் உள்ளோசை வெளியே போகக்கூடாது. இரண்டுக்கும் ஒரே கிண்ணம்.

இனி அந்தக் கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

உள்ளே 4 அல்லது 5 சென்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் முதுகில் ஒரு கம்பிச் சுருள்; சுருளைச் சூழ்ந்து ஒரு காந்தம். மின்னோட்டம் மாறும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது. ஒலிபெருக்கியும் இப்படித்தான் இயங்குகிறது. ஆனால் ஒரு புதிர் உண்டு. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து 'தொம்' என்ற கனத்த ஓசையை ஓர் அறை முழுதும் கேட்கச் செய்ய, சோற்றுத் தட்டளவு அகலமான ஒலிபெருக்கி வேண்டியிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தச் சவ்வு அதே 'தொம்'மை எப்படித் தருகிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அழுத்தினால், உள்ளே அகப்பட்ட காற்று நெருங்கி அழுத்தம் ஏறுகிறது. அகப்பட்ட காற்று கொஞ்சமாக இருந்தால் சிறு அசைவே போதும். ஹெட்போனிலும் சவ்வுக்கும் செவிப்பறைக்கும் இடையே ஒரு கைப்பிடிக் காற்றுத்தான் சிறைப்பட்டிருக்கிறது. சவ்வு இம்மியளவு முன்னேறினாலும் அந்தக் காற்றின் அழுத்தம் மாறுகிறது. செவிப்பறை அதை உணர்கிறது. அறை முழுவதிலுமுள்ள காற்றை அசைக்க வேண்டிய வேலை இல்லை.

சிறை சரியாக அடைபட்டிருக்கும்வரைதான் இது நடக்கும். பம்பிலுள்ள தோல் வாஷர் காய்ந்துபோனால் என்ன ஆகும்? தண்டை மெதுவாக அழுத்தினால் காற்று பக்கவாட்டில் 'புஸ்' என்று கசிந்துவிடும். வெடுக்கென்று அழுத்தினாலோ, கசிவதற்குள் கொஞ்சம் அழுத்தம் கிடைத்துவிடும். ஓசையிலும் இதே கதை. 40 ஹெர்ட்ஸ் தாழ்சுருதியில் சவ்வின் ஒரு தள்ளுதல் வினாடியில் 80-இல் ஒரு பங்கு நேரம் நீடிக்கிறது; காற்று தப்பி ஓட அது தாராளமான அவகாசம். 4,000 ஹெர்ட்ஸில் அது வினாடியில் 8,000-இல் ஒரு பங்கு. ஓடுவதற்குள் காற்றைத் திரும்ப இழுத்தாகிவிடும். ஆகவே கசிவு எப்போதும் தாழ்சுருதியையே தின்னும். மேல்சுருதி அப்படியே நிற்கும்.

ஹெட்போனின் வாஷர் எது? காதைச் சுற்றி உட்காரும் மெத்தைதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூடிய ஹெட்போன் ஒன்றில் தவிலோ மிருதங்கமோ ஒலிக்கும் இசையை வையுங்கள். மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு பென்சிலைச் செருகுங்கள். 'தொம்' மாயமாகி 'டக்' மட்டும் மிஞ்சும். பென்சிலை எடுங்கள், 'தொம்' திரும்பி வரும். மின்சாரத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது இடுக்கு ஒன்றுதான்.

பென்சில் செய்வதை அன்றாடம் பல பொருள்கள் செய்கின்றன. மூக்குக் கண்ணாடியின் தடித்த காம்பு, ஜிமிக்கி, காதோரம் தொங்கும் கூந்தல் கற்றை, தலைப்பாகை, குளிருக்குக் கட்டிய மப்ளர் எல்லாமே இடுக்கு உண்டாக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய ஹெட்போன் 'சத்தம் மெலிசாக இருக்கிறது' என்று குறை சொல்பவர் பலர் கண்ணாடி அணிந்தவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடைக்காரரைக் கோபிப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

இடுக்கை அடைக்க மெத்தையைத் தலையோடு அழுத்தினால் போதாதா? இங்கேதான் சுகம் என்னும் பிரச்சினை வந்து நிற்கிறது. ஒலிப்பதிவு அறைகளில் 1985 முதல் வழங்கிவரும் பேயர்டைனமிக் டிடி 770 வகையை எடுத்துக்கொள்வோம். இதன் ப்ரோ மாதிரியின் எடை சுமார் 270 கிராம். அதன் பட்டை தலையை இறுக்கும் விசை சுமார் 3.5 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 350 கிராம் எடைக்குச் சமம். ஐந்து நிமிடத்துக்கு இது ஒன்றுமில்லை. மூன்று மணி நேரத்துக்கு? அந்த விசை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதைப் பொறுத்தது. காது மடலைச் சுற்றி அகலமாக அமரும் மெத்தை அதைக் கன்னத்திலும் மண்டையிலும் பகிர்ந்துவிடும். மடலின் மேலேயே அமரும் சிறு மெத்தை குருத்தெலும்பை நசுக்கும். அரைமணியில் காது சிவந்து வலிக்கும். கண்ணாடிக் காம்பு இடையில் இருந்தால் விசை முழுதும் அந்த ஒரு கோட்டில் குவியும். வலிக்கிறது என்று பட்டையை வளைத்துத் தளர்த்தினால் இடுக்கு திறந்து 'தொம்' போய்விடும். சுகமும் ஓசையும் இரு வேறு குணங்கள் அல்ல. ஒரே மெத்தையின் இரு முகங்கள்.

இன்னொன்றும் உண்டு. வலித்தால் மனிதன் ஹெட்போனைக் கழற்றிவிடுவான். கழற்றிய அந்தப் பத்து நிமிடத்தில்தான் மைக்கின் கம்பி தளர்ந்து கரகரக்கும்.

மெத்தையின் உறையிலும் இதே இழுபறி. ரெக்சின் உறை காற்றை விடாது. தாழ்சுருதி நன்றாக நிற்கும். ஆனால் மதுரை வெயிலில் காது வெந்துவிடும். வெல்வெட் உறை வேர்வையை உறிஞ்சும், தோலுக்கு இதம், சற்றே கசியும். உள்ளே இருக்கும் பஞ்சிலும் வேறுபாடு உண்டு. அழுத்தினால் மெல்லக் குழைந்து, மெல்ல எழும் ஒரு பஞ்சை 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக விமான இருக்கைகளை முன்னிட்டு உருவாக்கினார்கள். இன்று அது தலையணையிலும் ஹெட்போனிலும் இருக்கிறது. கண்ணாடிக் காம்பைச் சுற்றிக் குழைந்து இடுக்கை அடைப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் குளிரில் விறைத்துக்கொள்ளும். பாச்சலூரின் மார்கழி விடியலில் அணிந்தவுடனே அது குழையாது. உடற்சூடு ஏறச் சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

மூடிய கிண்ணத்துக்கு அதற்கே உரிய குறை ஒன்றும் உண்டு. சவ்வு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. ஆகவே முதுகுப்புறமும் ஓசை பிறக்கிறது. திறந்த வகையில் அது வெளியே போய்விடும். மூடியதில் அது சுவரில் மோதித் திரும்பும். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர். அதில் பாதி, ஏறக்குறைய கிண்ணத்தின் அகலம்! போன அலையும் திரும்பிய அலையும் கைகோத்துக்கொண்டு சில சுருதிகளை மிகையாக்கும், சிலவற்றை அடக்கும். போதாக்குறைக்கு நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்த வட்டாரத்தில்தான். கிண்ணத்துள் கம்பளியோ பஞ்சோ திணித்து இதைக் குறைக்கிறார்கள். அடியோடு ஒழிக்க முடிவதில்லை. அதனால்தான் பறவை ஆய்வாளர் பாட்டின் சுருதியை ஹெட்போனை நம்பித் தீர்மானிப்பதில்லை. கணிப்பொறி வரையும் ஒலிப்படத்தில் அளக்கிறார். பதிவு சுத்தமா என்று சொல்வதோடு ஹெட்போனின் வேலை முடிந்தது.

வெளியோசையையாவது முழுதும் தடுக்கிறதா? மேற்சொன்ன டிடி 770 ப்ரோ சராசரியாகச் சுமார் 18 டெசிபெல் தடுப்பதாகக் குறிப்பு. உள்ளே வரும் ஒலியாற்றல் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. ஆனால் 'சராசரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். சில்வண்டின் கீச்சொலி நன்றாக அடங்கும். பஸ்ஸின் உறுமல் அவ்வளவாக அடங்காது. தாழ்சுருதி எந்த இடுக்கிலும் நுழையும். மெல்லிய சுவரை அசைத்துக்கொண்டும் உள்ளே வரும். உறுமல் மைக்கில் விழுகிறதா என்ற ஐயம் வந்தால், பதிவைத் தொடங்குவதற்கு முன் ஹெட்போனின் ஒலியளவை ஒரு கணம் அடியோடு குறைத்துப் பாருங்கள். அப்போதும் பஸ் கேட்டால் அது காற்றில் வருவது. நின்றுவிட்டால், மைக்கில் வந்து கொண்டிருந்தது.

கசிவினால் காதுக்கு ஒரு தீங்கும் உண்டு. தாழ்சுருதி போய்விட்டால் இசை சப்பென்றிருக்கும். கை தானாக ஒலியளவைக் கூட்டும். கூட்டினால் 'தொம்' வராது; மேல்சுருதிதான் இன்னும் ஓங்கும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் ஒலியாற்றல் இரட்டிக்கிறது. அனுமதிக்கும் நேரம் பாதியாகிறது. 83-இல் 20 மணி; 86-இல் 10 மணி. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே வாங்கும்போது உங்கள் கண்ணாடியோடும் தோட்டோடும் அணிந்து, இருபது நிமிடமாவது கேட்டுப் பாருங்கள். மெத்தையைத் தனியே மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். ரெக்சின் சில ஆண்டுகளில் கறுப்புச் செதில்களாக உதிர்ந்து காதில் ஒட்டும். பஞ்சும் சப்பையாகி, காது மடல் உள்சுவரைத் தொடும். மாற்று மெத்தை பழைய மெத்தையின் கனத்திலேயே, அதே உறையோடு இருக்க வேண்டும். கனம் மாறினால் சிறைப்பட்ட காற்றின் அளவு மாறி ஓசையும் மாறும். பழையதைக் கழற்றும்போது சவ்வுக்கு முன்னாலுள்ள மெல்லிய துணியைக் கிழித்துவிடாதீர்கள். அதன் வழியே ஒரு தலைமுடி விழுந்து சவ்வைத் தொட்டாலும், ஒவ்வொரு 'தொம்'முக்கும் அது 'கர்ர்' என்று பதில் சொல்லும்.