பழைய சரக்கு மோட்டார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

விளைபொருளை வயலிலிருந்து சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் செலவு, குடியானவரின் லாபத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடுகிறது என்பதை இப்பத்திரிகை வாசகர்கள் யாவரும் அறிவர். திண்டுக்கல் ஜில்லாவில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியும் முருங்கையும் அனுப்புவோரில் பலர், வாடகை வண்டிக்குக் காத்திருந்து, விலை இறங்கிய பின்னரே சந்தை போய்ச் சேருகின்றனர். ஆகவே சொந்தமாக ஒரு சிறு சரக்கு மோட்டார் வேண்டுமென்ற எண்ணம் அவர்களுக்கு உண்டாவது இயல்பே. புது வண்டிக்குப் பொருள் போதாதவர்கள், ஓடித் தேய்ந்த ஒன்றை மலிவாக வாங்கி, ஓய்வு நாட்களில் சிறுகச் சிறுகப் பழுது தீர்த்துக்கொள்ளலாம் என்று கருதுகின்றனர். கருத்து தவறன்று. எந்தப் பழுது தீரக்கூடியது, எது தீராதது என்று அறியாமல் வாங்குவதே தவறு.

இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஏனெனில் அத்தவற்றை நானே செய்தேன். சில வருஷங்களுக்கு முன், என் தகப்பனாரின் நிலத்து வேலைக்காக ஒரு பழைய வண்டியைத் தரகர் மூலம் வாங்கினேன். புது வர்ணம் பளபளத்தது. டயர் நான்கும் புதியவை. என்ஜினும் குறையின்றி ஓடிற்று. இரண்டு மாதம் கழித்து, வெங்காய மூட்டைகளுடன் ஓடை இறக்கத்தில் வரும்போது, பின் சக்கரத்துக் கமான் பட்டையைத் தாங்கும் இடத்தில் சேஸிஸ் சட்டம் பிளந்துவிட்டது. உயிர்ச் சேதமில்லாதது தெய்வாதீனம். அவ்வண்டி முன்பு கடற்கரையில் மீன் பெட்டி சுமந்தது என்று பிறகுதான் விசாரித்து அறிந்தேன். ஐஸும் உப்பும் கலந்த நீர் வருஷக்கணக்கில் ஒழுகி, சட்டத்தை உள்ளிருந்தே அரித்திருக்கிறது. நல்ல என்ஜினோடு அவ்வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ள நேர்ந்தது.

ஆதலால் வண்டி பார்க்கப் போகிறவர் முதலில் என்ஜினைப் பார்க்க வேண்டாம். வண்டியின் அடியிற் படுத்துச் சேஸிஸைப் பார்க்க வேண்டும். என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கலாம். கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் யாவும் மாற்றத் தக்கவை. வளைந்தோ அரிக்கப்பட்டோ போன சட்டத்தை மட்டும் கிராமத்துப் பட்டறையில் நேராக்க இயலாது. ஒரு சாக்கு, கைவிளக்கு, சிறு சுத்தி இம்மூன்றும் கையில் இருக்கட்டும். சட்டத்தின் நீளம் முழுவதும் சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே போகவும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்க்கும். ஓட்டுநர் அறைக்கு நேர் பின்னேயும், கமான் பட்டைத் தாங்கிகள் பொருந்தும் இடங்களிலும் இருமடங்கு கவனம் வேண்டும். அங்கே இரும்புத் தகடு ஒட்டுப்போட்டுப் பற்றவைத்திருந்தால் அவ்வண்டி அதிகச் சுமை ஏற்றி முறிந்தது என்றே கொள்ளலாம். மற்றப் பாகங்களெல்லாம் சேறு படிந்திருக்க, சட்டத்தில் மாத்திரம் புதுக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தாலும் சந்தேகிக்கவும். தளத் தகடு ஓட்டையாயிருப்பதும், கதவு நெளிந்திருப்பதும் பெரிய குறைகளல்ல. விலையைக் குறைக்க அவை உதவும்.

வண்டி முன்பு என்ன வேலை செய்தது என்று விசாரிப்பது, மாடு வாங்கும்போது அது எந்த வீட்டில் வளர்ந்தது என்று விசாரிப்பது போலாகும். மீனும் உப்பும் சுமந்தது ஆகாது. செங்கல், மணல் ஏற்றியதும் பெரும்பாலும் முதுகொடிந்ததே. பால் கேன் சுமந்த வண்டி வெகு தூரம் ஓடியிருப்பினும் அளவான சுமையோடு ஓடியிருக்கும்; அதை நான் விரும்புவேன். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம்; அதைத் திருத்துவோர் உண்டு. பிரேக் மிதியின் ரப்பரும், ஸ்டியரிங் வளையமும் தேய்ந்திருக்கும் அளவு மீட்டரைவிட மெய் பேசும்.

என்ஜினைக் காலையில், அது குளிர்ந்திருக்கையில், நம் கண்முன்னே கிளப்பச் செய்ய வேண்டும். நாம் போகுமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். சூடேறிய பின்னும் நீலப்புகை நிற்காமல் வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையம் முதலியவை தேய்ந்தன என்று பொருள். கரும்புகை பெரும்பாலும் இன்ஜெக்டர், காற்று வடிகட்டி இவற்றின் குறை; செலவு அதிகமில்லை. வெண்புகை விடாது வந்து, ரேடியேட்டர் நீரிலும் எண்ணெய்ப் படலம் மிதக்குமாயின் பேரத்தை விட்டுவிடுவது நலம்.

எந்த வண்டி என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இது. 2005-இல் வெளிவந்ததும், நம்மவர் குட்டி யானை என்றழைப்பதுமான டாட்டா ஏஸின் ஆரம்ப காலத்து வண்டிகளில் 702 சி.சி. அளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின் இருக்கும். முக்கால் டன் சுமைக்கு ஏற்றது. சாதாரண மெக்கானிக்கும் பிரிக்கக்கூடியது. உதிரி பாகம் சிற்றூரிலும் கிடைக்கும். ஆயின் அவை இப்போது வயதேறியவை. 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் தாங்கும். அதில் டீசல் செலுத்துவதை மின்னணுக் கருவி நடத்துவதால், கோளாறு கண்டால் அதற்குரிய சோதனைக் கருவியுள்ள பட்டறைக்கே போக வேண்டும். 1-4-2020 முதல் அமலான பி.எஸ். 6 விதிக்குட்பட்ட டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தி செய்யும் அமைப்பும் சேர்ந்திருக்கிறது. வீட்டிலிருந்தே பழுது பார்க்க நினைப்பவர் அவற்றை நாடாதிருப்பது உசிதம்.

கிராம அதிகாரிகளும் அறிய வேண்டிய விஷயம் இனி வருவது. வண்டியை முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் ஓட்டுவது நம் பக்கத்தில் வழக்கமாயிருக்கிறது. இது விற்றவருக்கே பெரிய ஆபத்து. விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டுமென 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்ஷூரன்ஸும் இல்லாதிருந்தால் நஷ்டஈடு அவர் தலையில் விழும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 174-வது பிரிவின்படி, அத்தொகையை நிலவரிப் பாக்கியைப் போலவே கலெக்டர் வசூலிக்கலாம். அதாவது நிலமே ஜப்திக்கு வரலாம். எப்போதோ விற்ற வண்டிக்காக ஒருவர் தம் தோட்டத்தை இழப்பதைக் காட்டிலும், 29-ம், 30-ம் நமூனாக்களில் கையெழுத்திட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ப்பது எளிதல்லவா? விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவித்தாக வேண்டும். கடன் பாக்கி ஆர்.சி.யில் குறிக்கப்பட்டிருந்தால், கடன் கொடுத்தவர் கையெழுத்துள்ள 35-ம் நமூனாவும் கைக்கு வருமுன் பணம் கொடுக்கலாகாது. பதிவெண்ணைக் கொண்டு அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில் உரிமையாளர், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. முதலிய விவரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியிலேயே தேடி ஒப்பிடுவதும் அவசியம்.

சரக்கு வண்டிக்கு முதல் 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கொருமுறையும், அப்பால் வருஷந்தோறும் எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும். 15 வருஷம் கடந்தவற்றிற்குக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்த்தப்பட்டது; விலை மலிவென்று அவற்றை வாங்குவோர் இதையும் கணக்கில் சேர்க்கவும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை. பெரிய பிக்கப்களைப் பொறுத்தவரை ஆர்.சி.யில் குறித்துள்ள எடையைப் பார்த்த பிறகே முடிவு செய்க.

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. ஒன்றரை லட்சம் உள்ளவர் ஒரு லட்சத்துக்குள் வண்டி பார்த்து, மீதியை பிரேக், டயர், பாட்டரி, எஃப்.சி. இவற்றிற்கு ஒதுக்க வேண்டும். அறுவடை நெருங்கும் வேளையில் வாங்கினால், பழுது தீருமுன்பே சுமை ஏற்றத் தோன்றும். காய் ஓய்ந்தபின் வாங்கி, முதலில் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சரிசெய்து, காலி வண்டியாகவே சில நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு பாதிச் சுமையோடு பக்கத்துச் சந்தைக்குப் போய் வரவும்.