தடியங்காய்க்கு இரண்டு சீசன்

குற்றாலத்துக்கு ஒரு சீசன்தான், தடியங்காய்க்கு இரண்டு. முதலில் ஓணம், அடுத்து ஆயுத பூஜை. மற்ற ஊர்க்காரர்கள் வெண்பூசணி, நீர்ப்பூசணி என்பதைத்தான் நெல்லை, தென்காசிப் பக்கம் தடியங்காய் என்கிறோம். பாவூர்சத்திரம் சந்தையில் லாரி ஏறி புளியரையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனது ஓணத்துக்கு இலையில் விழுகிறது. இங்கே தங்கியதில் பெரும்பங்கு, குங்குமம் தடவி நடுரோட்டில் சிதறுகிறது. அதில் டூவீலர்கள் வழுக்குவது தனிக்கதை. சாப்பிடத் தெரிந்தவர்கள் மலைக்கு அந்தப் பக்கம்தான் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். ஓலனுக்கு எல்லை தாண்ட வேண்டியதில்லை. தடியங்காயைச் சன்னமாக நறுக்கி, வெந்த பெரும்பயறு, கீறிய பச்சை மிளகாயோடு இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட வேண்டும். இறக்கும்போது முதல் பால், பச்சைத் தேங்காயெண்ணெய், கறிவேப்பிலை. மஞ்சள்பொடி, கடுகு எதுவும் கூடாது. வெள்ளையாக இருந்தால்தான் ஓலன். அவியலுக்கும் மோர்க்குழம்புக்கும் இதே காய்தான். காசி அல்வாவுக்குத் துருவிப் பிழிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். துருவல் அதிலேயே வேகட்டும்.

மஞ்சள் பூசணியின் கதை வேறு. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இனிப்பு உள்ளதால் புளியும் காரமும் தாங்கும். பிஞ்சென்றால் தோல் சீவ வேண்டாம்.

தோட்டத்தில் போடுவதாக இருந்தால் பெரிய காய்க்கு ஆசைப்படாதீர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 மஞ்சள் பூசணி ஏழெட்டு கிலோ வரும். நாலு பேர் உள்ள வீட்டில் பாதி வீணாகும். கோ 2 ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அளவான காய். ஆனி, ஆடியிலோ தையிலோ ஒன்றரை அடிக் குழி எடுத்துத் தொழுவுரம் போட்டு ஊன்றலாம். முதலில் பூப்பதெல்லாம் ஆண் பூ. உதிர்கிறதே என்று பதற வேண்டாம். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். சாரல் அடித்துத் தேனீ வராத நாளில், காலையிலேயே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட்டால் போதும். மார்கழியில் சாணி உருண்டையில் செருகவும் ஆண் பூவையே பறியுங்கள். பூச்சிக்கென்று கந்தகத் தூள் மட்டும் தூவாதீர்கள், இலை கருகிவிடும்.

விதை எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். மஞ்சள் பூசணியில் இரண்டு ரகத்தை அருகருகே போட்டால் விதை கலந்துவிடும். தடியங்காயும் மஞ்சளும் வேறு இனம். ஒரே பந்தலில் ஏற்றினாலும் கலக்காது.