மாரியம்மனின் உடல் யாருடையது?

வட தமிழகத்தின் மாரியம்மன், ரேணுகாம்பாள், கெங்கையம்மன் கோயில்கள் பலவற்றில் ஒரு வழக்கத்தைக் காணலாம். பீடத்தின் மேல் நான்கு கைகளுடன் அம்மன் அமர்ந்திருப்பாள். அவளுக்கு முன்னே, தரையை ஒட்டி, கழுத்துக்கு மேலுள்ள பகுதி மட்டும் தனிச் சிலையாக இருக்கும். அதற்கும் தனியே மஞ்சள் காப்பு, குங்குமம், வேப்பிலை மாலை உண்டு. இதனைச் 'சிரசு' என்பார்கள். திருவண்ணாமலை மாவட்டம் படவேட்டில் உள்ள புகழ்பெற்ற ரேணுகாம்பாள் கோயிலின் கருவறையிலும் மண்ணிலிருந்து எழுந்ததுபோல் அமைந்த சிரசே வழிபாட்டின் மையம்.

பிற பெருந்தெய்வங்களின் திருவுருவங்களில் தலை மட்டும் தனித்து வழிபடப்படுவது அரிது. உருவம் சிதைந்தால் அது வழிபாட்டுக்கு உரியதன்று என்று கருதும் மரபு இது. அப்படியிருக்க, உடலற்ற தலை எவ்வாறு கருவறைக்குள் வந்தது? அர்ச்சகர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். ஒன்று, அம்மனின் உடல் பூமிக்குள் பரந்து கிடக்கிறது, தலை மட்டுமே வெளியில் தெரிகிறது என்பது. மற்றொன்று, சற்றுத் தயங்கிச் சொல்லப்படும் ரேணுகையின் கதை. தயக்கத்துக்குக் காரணம், அக்கதையில் ஒரு சேரிப்பெண் இருக்கிறாள்.

கதையின் முற்பகுதி பலரும் அறிந்ததே. ஜமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகை. தன் கற்பின் வலிமையால் ஆற்று மணலைக் குடமாகத் திரட்டி நீர் கொண்டுவருபவள். ஒருநாள் நீரில் தெரிந்த கந்தருவனின் நிழலைக் கண்டு ஒரு கணம் வியக்கிறாள். குடம் கரைகிறது. முனிவர் அவளைக் கொல்லுமாறு மகன்களுக்கு ஆணையிட, பரசுராமன் மட்டும் கோடரியை எடுக்கிறான். மகாபாரதத்தின் வனபர்வத்திலும் இது சில மாறுதல்களுடன் வருகிறது. அங்கே அவள் காண்பது மனைவியருடன் நீராடும் சித்திரரதன் என்னும் அரசனை. மூத்த மகன்கள் நால்வரும் ஆணையை மறுத்துச் சாபம் பெறுகிறார்கள். ஆணையை நிறைவேற்றிய பரசுராமன் வரமாகத் தாயின் உயிரைக் கேட்க, கொலை நடந்த நினைவுகூட இல்லாமல் அவள் எழுகிறாள். வடமொழிக் கதை அத்துடன் முடிந்துவிடுகிறது.

தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் வாய்மொழிக் கதை அங்கே முடிவதில்லை. கோடரியுடன் வரும் மகனைக் கண்டு ரேணுகை சேரிக்குள் ஓடுகிறாள். அங்குள்ள ஒரு பெண் அவளைக் கட்டியணைத்துக் காக்க முயல்கிறாள். பரசுராமன் இருவரையும் ஒரே வீச்சில் வெட்டுகிறான். பின்னர் வரம் பெற்று உயிர்ப்பிக்க வந்தவன், பதற்றத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறான். பார்ப்பனத் தலையும் சேரிப்பெண்ணின் உடலும் கொண்டவள் மாரியம்மன் ஆனாள். சேரிப்பெண்ணின் தலையும் பார்ப்பன உடலும் கொண்டவள் எல்லையம்மன் ஆனாள் அல்லது மாதங்கி ஆனாள். எவள் எந்தப் பெயரைப் பெற்றாள் என்பது ஊருக்கு ஊர் மாறும். தலை மாறியதால் 'மாறி', அதுவே 'மாரி' என்று பெயருக்கு விளக்கம் சொல்வாரும் உண்டு. மாரி என்றால் மழை என்பதே மொழியியலுக்குப் பொருந்தும். ஆயினும் மக்கள் அந்தப் பெயரில் எதைக் கேட்டார்கள் என்பதற்கு இந்த விளக்கம் சான்று.

இரண்டு கொலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ரேணுகையின் கொலைக்கு ஓர் ஆணை இருந்தது, ஒரு குற்றச்சாட்டு இருந்தது, பிறகு ஒரு வரமும் கிடைத்தது. சேரிப்பெண்ணின் கொலைக்கு இவற்றில் எதுவுமில்லை. அடைக்கலம் கொடுத்தாள் என்பதைத் தவிர அவள் மீது குற்றமில்லை. அவள் உயிர் பெற்றதும் அவளுக்காகக் கேட்கப்பட்ட வரத்தால் நிகழ்ந்ததன்று, ரேணுகையை எழுப்பும்போது உடன் நேர்ந்ததுதான். கதையைச் சொல்பவர்களுள் பெரும்பாலோர் அவளுக்கு ஒரு பெயர்கூட வைப்பதில்லை. ஒரு பெண்ணின் மனத்தில் எழுந்த விருப்பத்துக்குக் குடும்பமே கொலைத்தண்டனை விதிப்பதும், அந்த வன்முறை சேரிக்குள் நுழைந்து தொடர்பற்றோரையும் பலிகொள்வதும் நமக்குப் புராணச் செய்திகள் அல்ல. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம் குடியிருப்பும் அதன் அருகிலிருந்த தலித் குடியிருப்புகளும் எரிக்கப்பட்டது, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தின் பெயரால்தான்.

கதை யார் வாயில் இருக்கிறதோ அதற்கேற்ப அந்தப் பெண்ணின் குணமும் மாறிவிடுகிறது. 1782இல் தம் பயண நூலை வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் சொன்னெரா, இக்கதையை அதில் பதிவு செய்திருக்கிறார். அவருக்குச் சொல்லப்பட்ட கதையில் அடைக்கலம் இல்லை, அரவணைப்பும் இல்லை. அங்கே ரேணுகையின் தலை பொருத்தப்படுவது, குற்றங்களுக்காகக் கொல்லப்பட்ட ஒரு பறையர் பெண்ணின் உடலில். காப்பாற்றப் போய் உயிர்விட்டவள் தண்டனை பெற்ற குற்றவாளியாகிவிட்டாள். அம்மனின் கொடூர குணத்துக்கும் அந்த உடலே காரணமாகக் காட்டப்படுகிறது. இந்த வடிவமே ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெர்மானியக் கவிஞர் கெதே 1820களில் எழுதிய 'பறையர்' என்னும் முப்பகுதிக் கவிதைக்கும் மூலம் இதுவே. சேரிகளில் வழங்கும் கதையைக் கேட்க அன்று அங்கு சென்றவர்கள் குறைவு.

இனி உருவத்துக்கு வருவோம். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள புருஷ சூக்தம், சமூகத்தை ஓர் உடலாக உருவகிக்கிறது. வாயிலிருந்து பார்ப்பனர், காலிலிருந்து சூத்திரர். தீண்டப்படாதோருக்கு அந்த உடலில் இடமே இல்லை. மனு ஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்குக் கற்பிக்கும் பிறப்பு, பார்ப்பனப் பெண்ணும் சூத்திர ஆணும் கலந்ததன் விளைவு என்பது. அவர்கள் ஊருக்கு வெளியே வாழ வேண்டும் என்றும் அது விதிக்கிறது. பார்ப்பனத் தலையும் சேரி உடலும் கொண்டு நிற்கும் மாரியம்மன், தரும சாத்திரம் எதை எண்ணி அஞ்சியதோ அந்தக் கலப்பின் உருவம். வருணக் கலப்பையே தெய்வமாக நிறுத்தி வணங்கியிருக்கிறது ஒரு நிலப்பரப்பு. ஆனால் அந்தக் கலப்பு விருப்பத்தால் நிகழ்ந்ததாகச் சொல்லக் கதைக்குத் துணிவில்லை. ஒரு படுகொலையும் ஒரு கைத்தவறும் தேவைப்பட்டன.

அப்படி உருவான தெய்வத்தில் எந்தப் பகுதி கண்ணுக்குக் காட்டப்படுகிறது? தலை. எந்தப் பகுதி மண்ணுக்குள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது? உடல். நாட்டார் தெய்வத்துக்குப் பார்ப்பனத் தலையை வைத்து அதைப் பெருந்தெய்வ மரபுக்குள் இழுத்துக்கொண்டார்கள் என்று ஆய்வாளர் சிலர் விளக்குவர். அது பெருமளவு சரி. ஆயினும் இழுத்துக்கொண்டவர்களால் உடலை முழுமையாக மறைக்க முடியவில்லை என்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

குடியாத்தத்தில் ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பாருங்கள். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு ஊர்வலமாகப் புறப்படும். வழிநெடுகிலும் தேங்காய்கள் உடைபடும். கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலை அடைந்ததும் அச்சிரசு அங்குள்ள ஓர் உடலின் மேல் பொருத்தப்படும். அந்தக் கணத்தைக் காண இலட்சக்கணக்கில் மக்கள் திரள்வார்கள். அந்த உடலை அங்கே 'சண்டாளச்சி உடல்' என்றே குறிப்பிடுகிறார்கள். இரவில் தலை மீண்டும் உடலிலிருந்து எடுக்கப்பட்டு ஆற்றங்கரைக்குக் கொண்டு செல்லப்படும். ஆண்டில் ஒரு பகல் மட்டும் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

'சண்டாளச்சி' என்ற சொல்லைக் கடந்து போக முடியாது. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளின் அட்டவணையில் உள்ள ஒரு சமூகத்தின் பெயர், அன்றாடப் பேச்சிலும் திரைப்பாடலிலும் மேடையிலும் வசைச்சொல்லாகப் புழங்குகிறது. அதைக் கைவிட வேண்டும் என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் 2024 ஜூலையில் அறிவுறுத்தியது. திருவிழாவில் அதே சொல் தெய்வத்தின் உடலுக்குப் பெயராக நிற்கிறது. வசையாகவும் வழிபாட்டுச் சொல்லாகவும் ஒன்றே வழங்குவதில் யாருக்கும் உறுத்தல் இருப்பதாகத் தெரியவில்லை.

அம்மனின் பிற அடையாளங்களிலும் சேரியின் தடம் உண்டு. தீச்சுடராய் எழும் முடி, நாகக்குடை, கைகளில் சூலம், உடுக்கை, பாசம், கபாலம் ஆகியவை சைவ, சாக்த உருவங்களுக்கும் பொதுவானவை. வேப்பிலையும் மாவும் அப்படியல்ல. இன்னொரு கதையின்படி, கணவனை இழந்த ரேணுகை தீயில் இறங்குகிறாள். மழை வந்து தீயை அணைக்கிறது. ஆடை எரிந்து, உடலெங்கும் கொப்புளங்களுடன் எழுந்தவள் வேப்பிலையை உடுத்திக்கொண்டு சேரிக்குள் சென்று பசி என்கிறாள். பார்ப்பனப் பெண்ணுக்குச் சமைத்த உணவைக் கொடுக்கத் தயங்கிய மக்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுக்கிறார்கள். கோயில்களில் இன்றும் படைக்கப்படும் மாவும் இளநீரும் அந்த விருந்தின் நினைவே என்பது கதை. வேப்பிலை ஆடை, அம்மையின் முத்துகள், மாவு ஆகிய மூன்றும் ஒரே நாளில், ஒரே தெருவில் அவளுக்குச் சேர்ந்தவை. பெரியம்மை 1975க்குப் பின் இந்தியாவிலிருந்து ஒழிந்துவிட்டது. வேப்பிலை கட்டுவதும் மாவு படைப்பதும் ஒழியவில்லை.

சடங்கு உரிமைகளும் இதையே சொல்லின. சென்னைக் கருப்பர் நகரத்தின் காவல் தெய்வமான ஏகாத்தாளுக்குத் திருவிழாவில் தாலி கட்டுபவர் ஒரு பறையர் என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய அதிகாரிகள் பதிவு செய்தனர். தெலுங்கு, கன்னடப் பகுதிகளில் கதையின் மறுபாதி, அதாவது சேரித்தலை கொண்ட மாதங்கி, வேறு திசையில் சென்றது. எல்லம்மாவின் பெயரால் தலித் சிறுமியர் 'பொட்டுக்கட்டி' விடப்பட்டனர். இதைத் தடுக்கக் கர்நாடகம் 1982இலும் ஆந்திரம் 1988இலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தெய்வத்துக்கு உடலைத் தந்தவளின் பெயரிலேயே அவளுடைய மகள்களின் உடலும் எடுத்துக்கொள்ளப்பட்டது. தலித் பண்பாட்டை மீட்பதாக எண்ணி இச்சடங்குகளைக் கொண்டாடுவோர் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டி மாரியம்மனைப் பாருங்கள். சிவந்த மேனி, பட்டுச்சேலை, புன்னகை. தலையும் உடலும் ஒரே நிறம். கழுத்தில் மாலைகளும் தாலியும் அடர்ந்திருக்க, வெட்டும் இணைப்பும் இருந்த இடமே தெரிவதில்லை. கோயில் சுவர்களில் எழுதி மாட்டப்படும் தலவரலாறுகளும் பலவாறாக இதையே செய்கின்றன. ஜமதக்கினி, பரசுராமன், ரேணுகை ஆகிய பெயர்கள் இருக்கும், அடைக்கலம் கொடுத்தவள் இருக்கமாட்டாள்.

முதலில் சொன்ன விடைக்குத் திரும்ப வேண்டும். அம்மனின் உடல் பூமிக்குள் பரந்து கிடக்கிறது, ஊரே அவள் உடல் என்கிறார்கள். அந்த உடல் ஊர்த்தெருவின் எல்லையில் நின்றுவிடுமா? அம்மன் தேர் சேரித்தெருவுக்குள் வராது என்று சொல்பவர்கள், கூழுக்கும் பறையிசைக்கும் அதே தெருவை நோக்கி ஆளனுப்புகிறார்கள். ஆலய நுழைவுரிமைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலேயே வந்துவிட்டது. ஆனால் படவேடு இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது இந்து சமய அறநிலையத்துறையின் கீழ் உள்ள கோயில். மாவட்ட ஆட்சியரும் பெரும் காவல்படையும் உடன் நிற்க, ஆதிக்கச் சாதியினர் சிலர் வெளியே எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டிருக்க, தலைமுறைகளாக வாசலுக்கு அப்பால் நின்று கும்பிட்ட மக்கள் அன்றுதான் உள்ளே சென்று அம்மனை நேருக்கு நேர் பார்த்தார்கள்.