மாதவிலக்கு நாளில் கைகொடுக்கும் கிண்ணம்!

சிவகாசி வட்டாரத்தில் பொழுது விடிந்ததும் பெண்கள் பட்டாசு ஆலைக்குப் பஸ் ஏறுகிறார்கள். மாலை வரை வேலை. மாதவிலக்கு நாளில் துணி மாற்ற வசதி வேண்டுமே! நனைந்த துணியோடே இருந்தால் புண்ணும் அரிப்பும்தான் மிச்சம்.

இதற்கு ஒரு வழி உண்டு. அதுதான் மாதவிலக்குக் கிண்ணம். 1937-ல் அமெரிக்க நடிகை லியோனா சால்மர்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். இப்போது மெத்தென்ற சிலிக்கோனில் செய்கிறார்கள். மடித்துப் பிறப்புறுப்பின் உள்ளே வைத்தால், விரிந்து இரத்தத்தை ஏந்திக்கொள்ளும். 8 முதல் 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். போக்கு அதிகமானால் முன்பே கொட்ட வேண்டும். ஒரே கிண்ணம் பல ஆண்டு உழைக்கும்.

கேரளத்தில் கும்பளங்கி என்ற ஊர், பெண்களுக்கு ஆயிரக்கணக்கில் கிண்ணம் கொடுத்து, 2022-ல் 'நாப்கின் இல்லாத ஊர்' என்று பெயரெடுத்தது.

சகோதரிகளே, ஓர் எச்சரிக்கை! மருந்துத் தூள் ஒட்டிய கையால் இதைத் தொடவே கூடாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலையில் வீட்டிலேயே வைத்துக்கொண்டு கிளம்பினால், மாலையில் வீடு வந்து மாற்றலாம். வெளியூர்ப் பயணத்துக்கும் இதுவே வசதி. ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் போட்டெடுங்கள். காப்பர்-டி வைத்திருப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

பழக இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பழகிவிட்டால் கவலை இல்லை!