அறுவைக்குப் பின்னும் அறிவு தெளிந்திருக்க

எழுபது, எண்பது அகவை கடந்த பெரியோர்க்கும் இன்று அறுவை மருத்துவம் துணிந்து செய்யப்படுகின்றது. வழுக்கி விழுந்து முறிந்த இடுப்பெலும்பு இணைக்கப்படுகின்றது. தேய்ந்த மூட்டு மாற்றப்படுகின்றது. குடலிலுள்ள கட்டி அகற்றப்படுகின்றது. இவை யாவும் மருத்துவத்தின் வெற்றிகளே. எனினும், அறுவை முடிந்த இரண்டாம் நாள் இரவில், அப்பெரியவர் பெற்ற மகனையே பார்த்து ‘நீ யார்?’ என்று வினவுவாராயின், அக்குடும்பம் கலங்கிப் போகின்றது. காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்பார் சிலர்; மயக்க ஊசி மூளையைக் கெடுத்துவிட்டது என்பார் வேறு சிலர்; வயதானால் அப்படித்தான் என்று அமைந்துவிடுவார் பலர். இம்மூன்றனுள் கடைசிக் கூற்றே மிகுந்த தீங்கு விளைப்பது. ஏனெனில், தடுத்திருக்கக் கூடிய ஒன்றை அது விதியென்று ஏற்கச் செய்துவிடுகின்றது.

இரு வேறு நிலைகள்

அறுவைக்குப் பின் நேரும் மனத்தடுமாற்றத்தை இரண்டாகப் பகுத்துக் காண்பது பொருந்தும். முதலாவது, நம் முன்னோர் சன்னி என்று வழங்கியதை ஒத்த மதிமயக்கம். மருத்துவர் இதனை டெலிரியம் என்பர். பெரும்பாலும் அறுவைக்குப் பின் முதல் மூன்று நாள்களுக்குள் இது திடீரெனத் தோன்றும். பகலில் தெளிந்து இரவில் மிகும். சிலர் கூச்சலிட்டு, குழாய்களைப் பிடுங்கி எறிவர். சிலரோ பேச்சின்றி, உணவின்றிச் சுருண்டு கிடப்பர். பின்னவரை ‘அமைதியாக உறங்குகிறார்’ என்று நாம் எண்ணி மகிழ்வது பெரும்பிழையாகும். இரண்டாவது, வாரங்களோ மாதங்களோ நீடிக்கும் அறிதிறன் குறைவு. கணக்கு வழக்கில் தடுமாற்றம், பெயர் மறதி, கவனச் சிதறல் ஆகியன இதன் அடையாளங்கள்.

இச்சிக்கல் புதியதன்று. 1955ஆம் ஆண்டிலேயே பெட்ஃபோர்டு என்னும் ஆங்கில மருத்துவர் ‘லான்செட்’ இதழில் இதுபற்றி எழுதினார். 1998இல் அதே இதழில் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று, அறுபது அகவைக்கு மேற்பட்ட 1,218 பேரைச் சோதித்தது. இதயம் தவிர்த்த பிற பெரிய அறுவைகள் செய்துகொண்ட அவர்களுள், ஒரு வாரத்திற்குப் பின் நால்வரில் ஒருவர்க்கும், மூன்று மாதங்களுக்குப் பின் பத்தில் ஒருவர்க்கும் அறிதிறன் குறைந்திருந்தது.

ஏன் நேர்கின்றது?

மயக்க மருந்தொன்றே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. இடுப்பெலும்பு முறிந்தவர்களை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், முழு மயக்கம் பெற்றவர்க்கும் முதுகுத்தண்டில் ஊசி பெற்றவர்க்கும் மதிமயக்கம் ஏறத்தாழ ஒரே அளவிலேயே காணப்பட்டது. உடலில் ஏற்பட்ட காயத்தின் அழற்சி மூளையையும் எட்டுகின்றது. முதிய மூளையில் அதனைத் தாங்கும் சேமிப்பு குறைவு. அதன்மேல் உறக்கமின்மை, நீர் வறட்சி, தீராத வலி, தொற்று, மலச்சிக்கல், பொருந்தா மருந்துகள் ஆகியன சேர்கின்றன. கண்ணாடியும் காதுக்கருவியும் பறிக்கப்பட்டு, இரவும் பகலும் ஒன்றாய் விளக்கெரியும் அறையில் முன்பின் அறியாதாரிடையே கிடத்தப்படுவாராயின், யார்க்குத்தான் மதி மயங்காது?

தடுக்கும் வழி

காரணங்கள் பலவாதலின் தடுப்பும் பலவாதல் வேண்டும். இதனை நிறுவிக் காட்டியவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் ஷரோன் இனோயே. 1999இல் வெளிவந்த அவர்தம் ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட எழுபது அகவைக்கு மேற்பட்டோர்க்கு நாளும் இடமும் எடுத்துரைத்தல், உறங்கவிடுதல், நடக்கவைத்தல், கண்ணாடி, காதுக்கருவி அணிவித்தல், நீர் பருகத் தருதல் ஆகியன முறையாகச் செய்யப்பட்டன. மதிமயக்கம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால், மயக்கம் ஒருமுறை வந்துவிட்டால் அதன் கடுமையை அம்முறைகள் குறைக்கவில்லை. எனவே வருமுன் காப்பதே வழி.

அவ்வாய்வு அறுவை நோயாளர் பற்றியதன்று. அறுவை நோயாளரிடத்தும் இம்முறை பயன்தரும் என்பதைச் சீன நாட்டின் செங்டு நகர மருத்துவமனை காட்டியது. அங்குச் செவிலியருடன் குடும்பத்தாரும் இப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். 2020இல் வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்பில் 19.4 விழுக்காட்டினர்க்கு நேர்ந்த மதிமயக்கம், குடும்பத்தார் துணைநின்றபோது 2.6 விழுக்காட்டினர்க்கே நேர்ந்தது. மதிமயக்கத்தைத் தடுத்துவிட்டால் பிற்கால அறிதிறன் குறைவு முற்றும் நீங்கிவிடும் என்று கூற இயலாது. எனினும் அம்மயக்கம் உற்றவர்க்கே பின்னாளில் அக்குறைவு மிகுதியாக நேர்கின்றது என்பது உறுதி.

நம் கடமை

அறுவைக்கு முன்னரே, பெரியவர் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். டயசிபாம் போன்ற உறக்க மாத்திரைகளும், சளிக்கென நாமே கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் போன்றவையும் முதியோர் மதியை மயக்க வல்லவை. நெடுநாள் உறக்க மாத்திரை அல்லது குடிப்பழக்கம் உடையவர் அதனைத் திடீரென நிறுத்துவதும் இடர் தரும். நாணம் கருதி இவற்றை மறைத்தலாகாது. முன்பே மறதி இருந்ததாயின் அதனையும் சொல்லிவிடுதல் நலம். நீர் அருந்துவதை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று தெளிவாகக் கேட்டறிந்து, அதற்கு மேல் வீணே வாடவிடாதிருத்தல் வேண்டும்.

அறுவைக்குப் பின், கண்ணாடி, காதுக்கருவி, பல்தொகுதி ஆகியவற்றை மருத்துவர் ஒப்பிய உடனேயே அணிவித்தல் வேண்டும். வலியை அடக்கிக்கொள்ளச் சொல்லாது செவிலியர்க்கு உரைத்தல், பகலில் சன்னலைத் திறந்து வெளிச்சம் தருதல், இரவில் விளக்கையும் பேச்சையும் தணித்தல், இசைவு பெற்று விரைவில் எழுந்து நடக்கச் செய்தல் ஆகியன நம் பொறுப்பு. பத்துப் பேர் கூடி இரைச்சலிடுவதினும், நன்கறிந்த ஒருவர் அருகிருந்து இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று இடையிடையே பேசுதல் சிறந்தது. மதி மயங்குவது தெரிந்தால் வாதிட்டு மடக்காது, கட்டிப் போடாது, உடனே மருத்துவரை அழைத்தல் வேண்டும். சிறுநீர்த் தொற்று முதலிய உட்காரணம் ஒன்று மறைந்திருக்கக் கூடும்.

நாம் குழந்தையாய் இருந்த நாளில், இருளில் விழித்து அழுதபோது நம் கைபற்றி ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்றவர்கள் அவர்கள். மருத்துவமனைக் கட்டிலருகே அச்சொல்லை அவர்க்குத் திருப்பிச் சொல்லும் முறை இன்று நம்முடையது. அது நன்றிக்கடன் மட்டுமன்று, மருத்துவமும் ஆகும்.