சிறுவர்க்கு மாயக்கதை வேண்டும்

எட்டு வயதிற்கும் பன்னிரண்டு வயதிற்கும் இடைப்பட்ட ஒரு தமிழ்ச் சிறுவனோ சிறுமியோ, பாடப் புத்தகத்தை மூடி வைத்த பின் தானே விரும்பி எடுத்துப் படிப்பதற்குத் தமிழில் என்ன நூல் இருக்கிறது? இக்கேள்வியைத் திண்டுக்கல் நகரத்தாரின் முன்னும், அந்நகரைச் சூழ்ந்த சமவெளிக் கிராமத்தாரின் முன்னும் இன்று வைக்க விரும்புகிறோம். நான்கு பக்கத்து நீதிக்கதைகள் அவ்வயதினருக்குப் போதா. பெரியவர்களுக்கென எழுதப்பட்ட நாவல்களோ அவர்களுக்கு எட்டா. இவ்விரண்டிற்கும் நடுவே, நூறு இருநூறு பக்கம் விரிந்து செல்லும் கதையை அவர்கள் நாடுகிறார்கள். தம் வயதொத்த ஒருவன் மாய உலகொன்றினுள் புகுந்து, நேர்ந்த இடுக்கண்களைத் தன் அறிவாலும் தைரியத்தாலும் வென்று மீளும் கதையே அது. ஆங்கிலத்தில் இவ்வகை நாவல்கள் தனியொரு இலக்கியத் துறையாகவே பெருகியிருக்கின்றன. தமிழில் அத்துறை இன்னும் மெலிந்தே நிற்கிறது. அம்மெலிவினால் நமக்கு விளையும் நஷ்டம் சிறிதன்று.

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற குழந்தை, ஒரு முழு நூலைத் தானே படித்து முடிக்கும் பழக்கத்தை அடைவது பெரும்பாலும் இவ்வயதில்தான். அப்பழக்கம் அப்போது வேரூன்றாவிடில், பின்னர் வேரூன்றுதல் அரிது. ஆங்கிலப் பள்ளியில் பயிலும் வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கு இதில் குறைவில்லை. அக்குழந்தையின் கையில் ஆங்கில மாயக்கதைகள் வரிசை வரிசையாக வந்து சேர்கின்றன. தமிழொன்றே படிக்கத் தெரிந்த பூட்டுத் தொழிலாளியின் மகனுக்கும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் குடியானவரின் மகளுக்கும், நிலக்கோட்டைப் பக்கத்தில் விடியுமுன் பூப்பறிக்கச் செல்லும் தாயின் குழந்தைக்கும் என்ன கிடைக்கிறது? பாடப் புத்தகமும் கைத்தொலைபேசியில் ஓடும் படங்களுமே பெரும்பாலும் அவர்களுக்கு மிஞ்சுகின்றன. செல்வர் வீட்டுக் குழந்தைக்குத் தமிழ் அந்நியமாகிறது. ஏழை வீட்டுக் குழந்தைக்குப் புத்தகமே அந்நியமாகிறது. இரண்டுமே தமிழுக்கு நேரும் இழப்பாகும்.

மாயக்கதை மூட நம்பிக்கையை வளர்க்கும் என்று அன்பர் சிலர் அஞ்சுகின்றனர். பகுத்தறிவைப் போற்றும் நாட்டில் இவ்வச்சம் தோன்றுவது இயல்பே. ஆயினும் மூட நம்பிக்கைக்கும் மாயக்கதைக்கும் உள்ள வேற்றுமையை அவர்கள் ஆய்ந்து பார்க்க வேண்டுகிறோம். மூட நம்பிக்கை, “நம்பு, இல்லையேல் கேடு வரும்” என்று அச்சுறுத்துகிறது; கேள்வி கேட்பதைத் தடுக்கிறது. மாயக்கதையோ, “இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்” என்று சொல்லித் தொடங்குகிறது. படிக்கும் குழந்தை அது கற்பனை என்பதை நன்கு அறிந்தே அவ்விளையாட்டில் சேருகிறது.

அன்றியும், நல்ல மாயக்கதையில் மாயம் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டே நடக்கும். வேதாளத்தைச் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தன் வாய் திறந்தால், வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். விடை தெரிந்திருந்தும் சொல்லாதிருந்தால் அவன் தலை சிதறும். இத்தகைய இக்கட்டில் ஒருவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதே கதை. மணிமேகலைக் காப்பியத்தை நோக்குவோம். ஓர் இளம்பெண்ணைத் தெய்வம் மணிபல்லவத் தீவிற்கு எடுத்துச் செல்கிறது. வேற்றுரு எய்தவும், வானில் இயங்கவும், பசியைப் போக்கவும் அவளுக்கு மந்திரங்கள் கிடைக்கின்றன. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அதைக் கொண்டு அவள் ஊரார் பசியைத் தீர்க்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். கைக்கு வந்த சக்தியை எதற்குப் பயன்படுத்துவது என்னும் கேள்வியை இதைவிடத் தெளிவாக ஒரு சிறுமிக்கு எடுத்துக் காட்ட இயலுமோ? மாய சாகசக் கதை தமிழ் மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கும் இக்காப்பியமே சாட்சி.

இவ்வகைக் கதைகள் படிப்பைக் கெடுத்து வீண்பொழுது போக்கச் செய்யும் என்பது மற்றோர் ஆட்சேபம். அனுபவம் இதற்கு மாறாகவே இருக்கிறது. 1888-ஆம் ஆண்டில் தேவகி நந்தன் கத்ரி ஹிந்தியில் ‘சந்திரகாந்தா’ என்னும் மாயமும் சூழ்ச்சியும் நிறைந்த நாவலை வெளியிட்டார். அதைப் படிக்கும் ஆவலினாலேயே பலர் ஹிந்தி எழுத்தைக் கற்றுக்கொண்டனர் என்று அம்மொழியின் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஆங்கிலத்தில் ரௌலிங் அம்மையார் எழுதிய ‘ஹாரி பாட்டர்’ வரிசை 1997 முதல் 2007 வரை ஏழு பாகங்களாக வெளிவந்தது. அவற்றுட் சில எழுநூறு பக்கத்திற்கு மேற்பட்டவை. அத்தனை பக்கங்களைச் சிறுவர்கள் எவருடைய வற்புறுத்தலுமின்றிப் படித்து முடித்தார்கள். அடுத்த பக்கத்தில் என்ன நேருமோ என்னும் ஆவல், நீண்ட வாக்கியத்தையும் தெரியாத சொல்லையும் தாண்டிச் செல்லும் பலத்தைக் குழந்தைக்குத் தருகிறது. அப்பலம் பின்னர் சரித்திரப் புத்தகத்திற்கும் விஞ்ஞானப் புத்தகத்திற்கும் உதவுகிறது.

தேசாபிமானிகள் இவ்விஷயத்தைப் புறக்கணித்ததில்லை. வங்கத்தில் சுதேசி இயக்கம் ஓங்கியிருந்த 1907-ஆம் ஆண்டில், தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் கிராமத்துப் பாட்டிமாரிடம் கேட்ட ராஜகுமாரன் கதைகளையும் ராட்சசிக் கதைகளையும் தொகுத்து ‘டாகுர்மார் ஜூலி’ என்ற பெயரால் வெளியிட்டார். ‘பாட்டியின் பை’ என்பது அதன் பொருள். அதற்கு முன்னுரை அளித்த ரவீந்திரநாத தாகூர், அந்நூலைச் சுதேசிப் பொருள்களுள் தலையாய ஒன்றாகவே பாராட்டினார். பாட்டியின் கதைகூடச் சீமைச் சரக்காகிவரும் நிலைக்கு வருந்தினார். 1915-இல் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி தம் ‘சந்தேஷ்’ பத்திரிகையில் எழுதிய கூபி, பாகா என்னும் இருவரின் மாயக்கதையை, அவருடைய பேரர் சத்யஜித் ராய் 1969-இல் திரைப்படமாக்கினார். அந்நியத் துணியை எரித்த தலைமுறை, தன் குழந்தைகளின் கனவையும் சொந்தத் தறியில் நெய்ய முற்பட்டது என்பது நாம் கருதத்தக்கது.

தமிழ்நாடும் வெறுங்கையோடு இருந்துவிடவில்லை. நாடு விடுதலை பெறுவதற்கு முந்திய மாதமான 1947 ஜூலையில், நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து ‘அம்புலிமாமா’வைத் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கினர். தோளில் வேதாளத்துடன் வாளேந்தி நடக்கும் விக்கிரமனைச் சங்கர் தீட்டிய சித்திரம் பல தலைமுறைச் சிறுவர் மனத்தில் பதிந்தது. அவர் 2020-இல் மறைந்தார். கலைக்களஞ்சியப் பணியில் மூழ்கியிருந்த பெரியசாமித் தூரன் அவர்களே ‘மாயக்கள்ளன்’, ‘கொல்லிமலைக் குள்ளன்’ முதலிய கதைகளைச் சிறுவர்க்கென எழுதினார் என்றால், இத்துறையைச் சிறிதெனக் கருதுவோர் சிந்திக்க வேண்டும். வாண்டுமாமா ஆயுள் முழுவதும் இத்தொண்டே புரிந்து 2014-இல் காலமானார். ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ சிறுவர்மணியில் தொடராக வெளிவந்து, பின்னர் நூலாயிற்று.

சாகித்திய அகாடமி 2010 முதல் குழந்தை இலக்கியத்திற்கெனத் தனிப் பரிசு வழங்கி வருகிறது. முதலாண்டின் தமிழ்ப் பரிசு, ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’ என்னும் நூலுக்காகத் திண்டுக்கல்லைச் சேர்ந்த மா. கமலவேலனுக்குக் கிடைத்தது இவ்வூருக்குப் பெருமை. அண்மை ஆண்டுகளில் பரிசு பெற்றவற்றுள் மாயம் கலந்த நாவல்கள் பல உள்ளன. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-இல் பரிசு பெற்றது. பேசும் மரப்பாச்சி பொம்மையைக் கொண்டு, தீய தொடுதலினின்று குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளும் வழியை அது சொல்கிறது. கீழடியின் பழமையையும் இன்றைய சிறுவனையும் இணைக்கும் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023-இலும், விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025-இலும் பரிசு பெற்றன. எழுதுவோர் இல்லை என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

ஆயினும் நிலைமை திருப்திகரமாக இல்லை. ‘அம்புலிமாமா’ 2013-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. மாதந்தோறும் கிராமத்துக் கடைக்கும் வந்து தொங்கிய அப்பத்திரிகையின் இடம் இன்னும் நிரம்பவில்லை. பரிசு பெற்ற நூல்களின் பெயரைத் தானும் பெற்றோர் பலர் அறியார். ஒரு கதையில் மனம் தோய்ந்த குழந்தை, “அடுத்த பாகம் எங்கே?” என்று கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதற்குத் தொடர் வரிசைகள் நம்மிடம் மிகக் குறைவு. எழுதுவோர் சிலரிடத்தும் ஒரு குறை உண்டு. சிறுவனை மாயக் குகையின் வாயில்வரை அழைத்துச் சென்று, அங்கே நிறுத்தி உபதேசம் செய்யத் தொடங்கிவிடுகின்றனர். குழந்தை உபதேசத்தை உடனே மோப்பம் பிடித்துப் புத்தகத்தை மூடிவிடும். நீதி, கதையின் நிகழ்ச்சியிலேயே கரைந்திருக்க வேண்டும்.

கதைக்குரிய களத்திற்குத் திண்டுக்கல்லில் பஞ்சமில்லை. திண்டு போலக் கிடக்கும் ஒற்றைப் பாறையின் மேல் மதுரை நாயக்கர் எழுப்பிய கோட்டை, பின்னர் ஹைதர் அலியிடமும், அதன்பின் ஆங்கிலக் கம்பெனியாரிடமும் கைமாறியது. கணவனை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் பெற்று, சிவகங்கையை மீட்கத் திட்டமிட்டது இப்பக்கத்தில்தான். அவருக்கு உதவிய விருப்பாட்சி கோபால நாயக்கர், கம்பெனியை எதிர்த்துப் பாளையக்காரர் கூட்டணி அமைத்து, 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அனுமன் கொண்டு சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டே சிறுமலை என்பது மக்கள் வழக்கு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர்ப் பூட்டுகளுள், திறக்கும் சூழ்ச்சி அறியாதார் திறக்க முடியாதவையும் உண்டு. எந்த மாயக்கதைக்கும் ஒரு பூட்டிய கதவு வேண்டும். அப்பூட்டைச் செய்யும் கைகள் இங்கேயே உள்ளன. குடகனாற்றின் வறண்ட மணலும், ஊரெல்லையில் நிற்கும் ஐயனாரின் மண்குதிரையும் கற்பனையுள்ள எழுத்தாளனை அழைத்துக்கொண்டே இருக்கின்றன. தன் ஊர்ப் பாறையைக் கதையில் கண்ட குழந்தை, மறுநாள் அப்பாறையைப் புதிய கண்ணோடு பார்க்கும். ஊரின்மேல் பற்று இவ்வாறும் வளரும்.

நாவல் என்னும் இலக்கிய வகைக்கே இம்மாவட்டம் தொட்டில் கட்டியதுண்டு. வத்தலகுண்டில் பிறந்த ராஜமையர், 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ தமிழ் நாவலின் தொடக்க நூல்களுள் ஒன்று. அதே வத்தலகுண்டு, தேசபக்தர் சுப்பிரமணிய சிவாவையும் ஈன்றது. பெரியோர்க்கு நாவல் தந்த இம்மண் சிறுவர்க்கும் தருதல் தகும்.

இனிச் செய்ய வேண்டுவன யாவை? 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், ரங்கநாதன் அவர்களின் முயற்சியால் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். அவ்வரிப் பணத்தில் சிறுவர்க்குரிய பங்கைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. மாவட்டத்தின் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் சிறுவர் நாவல்களுக்கெனத் தனி அலமாரி வேண்டும். அது குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். 2023-இல் அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு நூல்களை வகுப்பறைக்குக் கொண்டு வந்தது நற்செயலே. அச்சிறு நூல்களில் நடை பழகிய குழந்தைக்கு, அடுத்த படியாக நீண்ட நாவலைத் தருவதும் கல்வித் துறையின் கடமை. பதிப்பாளர் மலிவு விலையில், பெரிய எழுத்தில், நல்ல சித்திரத்தோடு வெளியிட வேண்டும். சித்திரக்காரர்க்குத் தக்க ஊதியம் அளிக்க வேண்டும். திண்டுக்கல்லில் புத்தகத் திருவிழா நடைபெறும் நாட்களில், பெற்றோர் குழந்தையின் கையில் பணத்தைக் கொடுத்து, அது விரும்பும் கதைப் புத்தகத்தை அதுவே தேர்ந்தெடுக்க விட வேண்டும். பரீட்சைக்குப் பயன்படுமா என்ற கேள்வியை அன்றைக்கு ஒரு நாளேனும் கேளாதிருப்பாராக.

மாயக்கதையின் நாயகன் வயதிற் சிறியவன், பலமற்றவன், பெரும்பாலும் துணையற்றவன். எனினும் அவன் பிறர் ஆணைக்குக் காத்திராமல், தானே எண்ணித் துணிகிறான். துணிந்ததன் பயனைத் தானே ஏற்கிறான். சுதந்திர நாட்டின் பிரஜைக்கு வேண்டிய முதற் குணம் அதுவே. அக்குணத்தை நம் குழந்தைகள் தாய்மொழியில், தம் ஊர் மலையின் அடிவாரத்தில் நிகழும் கதை வாயிலாகப் பெறுவதற்கு வேண்டியதைச் செய்வது பெரியோராகிய நம் பொறுப்பு. இதற்குத் திண்டுக்கல் வழிகாட்டுமாயின் தமிழகம் பின்தொடரும் என்பது நம் நம்பிக்கை.