எல்லைக்கோட்டில் எழும் இடிமேகம்

1997 மே 27 அன்று பிற்பகல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜாரல் என்ற சிற்றூரின் ஒரு குடியிருப்புப் பகுதியை டொர்னாடோ ஒன்று அடித்தளம் மட்டும் மிஞ்சும்படி துடைத்தெடுத்தது. 27 பேர் இறந்தார்கள். ஃபுஜிட்டா அளவுகோலில் அது உச்ச நிலையான எஃப்5. அந்த வட்டாரத்தின் இடிமேகங்கள் பெரும்பாலும் வடகிழக்கு நோக்கியே நகரும். அன்றைய மேகமோ தென்மேற்கு நோக்கி வளர்ந்துகொண்டே போனது. அதற்குப் பாதை போட்டுத் தந்தது, தரையை ஒட்டிக் கிடந்த ஒரு குளிர் வளிமுகம்.

தன்மை வேறுபட்ட இரண்டு காற்றுத் திரள்கள் சந்திக்கும் எல்லைதான் வளிமுகம். நடு அட்சரேகைப் பகுதிகளின் புயல்கள் இத்தகைய எல்லைகளைச் சார்ந்தே உருவாகின்றன என்று நார்வேயின் பெர்கன் நகரில் ஆய்வு செய்த ஜேக்கப் பியர்க்னஸ் 1919-இல் விளக்கினார். குளிர்காற்று முன்னேறினால் குளிர் வளிமுகம். வெப்பக்காற்று முன்னேறினால் வெப்ப வளிமுகம். அமெரிக்காவின் நடுச்சமவெளியில் இன்னொரு எல்லையும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும் தென்மேற்குப் பாலைவனங்களின் வறண்ட காற்றும் மோதும் வறள்கோடு அது.

வளிமுகம் செய்யும் முதல் வேலை தூக்கிவிடுவது. எடை கூடிய குளிர்காற்று அடியில் புகுந்து, வெம்மையும் ஈரமும் நிறைந்த காற்றை மேலே தள்ளுகிறது. சமவெளியில் பல நாட்கள் நடுஉயரத்தில் ஒரு வெப்ப அடுக்கு மூடியாக அமர்ந்திருக்கும். அதைத் தாண்டும் அளவுக்கு உந்துதல் கிடைத்துவிட்டால், நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிவிடும் வெப்பமே மேகத்தை 15 கிலோமீட்டர் உயரம் வரைகூடக் கொண்டுபோய்விடும்.

அதன்பின் நடப்பதை மேல்காற்றின் திசை தீர்மானிக்கிறது. மேல்காற்று எல்லைக்கோட்டுக்கு இணையாக வீசினால், மேகங்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட வரிசையாகிவிடும். சேதம் பெரும்பாலும் சுழலாத நேர்க்காற்றால் வரும். கோட்டைக் குறுக்கே வெட்டி வீசினால், மேகங்கள் விலகித் தனித்தனியே வளரும். சூப்பர்செல் எனப்படும் சுழலும் இடிமேகங்கள் உருவாக ஏற்ற சூழல் அதுவே.

இரண்டாவது வேலை சுழற்சி தருவது. எல்லையின் ஒருபுறம் காற்று எழ, மறுபுறம் தாழ, தரையை ஒட்டிய காற்று சப்பாத்திக் கட்டைபோலப் படுத்தவாக்கில் உருளுகிறது. வந்து சேரும் இடிமேகம் தன் மேலெழும் காற்றால் அந்த உருளலை நிமிர்த்திவிடுகிறது. 1995-இல் நடந்த வோர்டெக்ஸ் கள ஆய்வில் பதிவான குறிப்பிடத்தக்க டொர்னாடோக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இத்தகைய எல்லைகளின் அருகில்தான் தோன்றின; அவற்றில் பெரும்பாலானவை குளிர்ந்த பக்கத்தில், கோட்டிலிருந்து 30 கிலோமீட்டருக்குள். இன்னும் ஆழமாகக் குளிர்ப்பக்கத்துக்குள் போய்விட்டால் மேகத்துக்குத் தரைமட்டத்து வெப்பக்காற்று கிடைக்காது. ஆலங்கட்டி கொட்டலாம், டொர்னாடோ ஆபத்து குறைந்துவிடும்.

இடிமேகம் வளிமுகத்தைப் பயன்படுத்துவதோடு நிற்பதில்லை. தானே ஒன்றை உண்டாக்குகிறது. மழை ஆவியாகிக் குளிர்ந்த காற்று கீழே பாய்ந்து தரையில் மோதி நாலாபுறமும் விரிகிறது. மழைக்குச் சற்று முன் சட்டென்று வீசும் சில்லென்ற காற்று அதுதான். அதன் விளிம்பில் அள்ளப்படும் தூசியும் பூச்சிகளும் ரேடார் திரையில் மெல்லிய வில்லாகத் தெரியும். மேகம் கலைந்த பிறகும் அந்த விளிம்பு பல மணி நேரம் நீடிக்கும். நள்ளிரவு மழை விட்டுச்சென்ற எல்லையில் மறுநாள் பிற்பகல் புதுப்புயல் எழுவதுண்டு. இரண்டு எல்லைகள் வெட்டிக்கொள்ளும் இடம் இன்னும் ஆபத்தானது.

சென்னையின் கோடை மாலை இடிமழையிலும் இதே இயக்கவியல் உண்டு. அங்கே குளிர் வளிமுகத்தின் இடத்தில் கடற்காற்றின் முனை இருக்கிறது. உள்நாட்டிலிருந்து வரும் மேற்குக் காற்றோடு அது மோதும் கோட்டில் மேகங்கள் எழுகின்றன.

இதனால்தான் ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் முன்னறிவிப்பு மையத்தில், கணினி மாதிரிகள் இவ்வளவு வளர்ந்த பிறகும், வானிலையாளர்கள் தரைமட்ட வரைபடத்தில் எல்லைகளைக் கையால் வரைகிறார்கள். வெப்பநிலை எங்கே சட்டென்று குறைகிறது, காற்று எங்கே திசை மாறுகிறது, ஈரப்பதம் எங்கே சரிகிறது என்று நிலையம் நிலையமாகப் பார்க்கிறார்கள். கோடு சரியாக அமைந்தால் எந்த வட்டாரத்துக்கு ஆபத்து என்பதைச் சில மணி நேரம் முன்பே குறுக்கிச் சொல்ல முடியும். பதுங்கிடம் தேட வேண்டிய மக்களுக்கு அந்த நேரமே உயிர்.